கடல் உள்வாங்கியதாம், நாங்கள் அலறி ஓடினோமாம்!

வலைக்காரன், பாம்பன் | செவ்வாய் இரவு 9.40

இன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சென்னையிலிருந்து தங்கை அழைத்தாள். எடுத்தவுடன் அழுகை. "அண்ணா, கடல் உள்ளே போய்விட்டதாமே, எல்லோரும் மாடியில் ஏறிவிட்டீர்களா?" எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான் அவள். இருந்தும் கேட்கிறாள் என்றால் தொலைக்காட்சியில் எதைக் காட்டியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

நான் அப்போது சின்னப்பாலம் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் ஆடி அமாவாசை. தெற்கேயிருந்து காற்று மூன்று நாளாக ஓங்கி அடிக்கிறது. இப்படி அடித்தால் வடகடல் கரையில் தண்ணீர் விலகும். அமாவாசையும் சேர்ந்துகொண்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விலகும். பாசியும் சேறும் தெரியும், நங்கூரக் கயிறு தரையில் கிடக்கும், எங்கள் சிறு படகுகளான வத்தைகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும், பிள்ளைகள் வாளியோடு நண்டு பொறுக்கப் போவார்கள். என் அப்பா இதை ஒரு நாளும் செய்தி என்று எண்ணியதில்லை. வத்தையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்ட வாய்த்த நாள் என்றுதான் எண்ணுவார்.

வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு. "பாம்பனில் திடீரென உள்வாங்கிய கடல்! சுனாமி அறிகுறியா? மீனவர்கள் அலறியடித்து ஓட்டம்!" பின்னால் உடுக்கை அடிப்பது போல ஒரு சத்தம். நான்கு பையன்கள் கரையை நோக்கி ஓடுகிறார்கள். அதை மட்டும் ஏழெட்டு முறை திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த நான்கு பேரும் எங்கள் தெருப் பையன்கள். நண்டு வாளியை நாய் கவ்விக்கொண்டு போனதால் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். நாயைக் காட்டவில்லை, வெட்டிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். ஏழரை மணிக்கு சீரியல் பார்க்கிறோம், எட்டு மணிக்குச் செய்தி பார்க்கிறோம். இரண்டுக்கும் இன்னும் என்ன வித்தியாசம் மிச்சம் இருக்கிறது? இங்கே நம் கரைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.


தொண்டியான் | செவ்வாய் இரவு 9.52

எங்கள் ஊர்க் கடல் கரையோரத்தில் வருஷம் முழுக்க முழங்கால் ஆழம்தான். அதை ஒரு நாள் வந்து படம் பிடித்தால் உலகம் அன்றைக்கே அழிந்துவிடும். நல்ல வேளை, தொண்டிக்கு யாரும் வருவதில்லை.


சபராளி (கீழக்கரை, இப்போது ஷார்ஜா) | செவ்வாய் இரவு 10.15

அண்ணன், நீங்கள் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். இங்கே எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே அறையில் ஏழு பேர், ஏழு பேரும் ராமநாதபுரம் மாவட்டம். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தபோது ஒருவன் கைப்பேசியில் அந்தப் படம் வந்தது. பெரியபட்டினத்துக்காரர் ஒருவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். வீட்டு எண்ணை நான் பன்னிரண்டு முறை அழைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் உம்மா எடுத்து, "கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது வாப்பா, நீ சாப்பிட்டாயா?" என்றார்கள். கைப்பேசியை அடுப்படியில் வைத்துவிட்டு மாடியில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார்களாம்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கை மறைத்துக்கொண்டதால் நம் கரை பெரும்பாலும் தப்பியது. நாகப்பட்டினம் பட்ட பாடு நமக்கு இல்லை. ஆனாலும் "சுனாமி" என்ற சொல் விழுந்தால் எங்கள் வயிற்றில் ஏதோ செய்கிறது. அந்தச் சொல்லை வைத்து விளையாடுகிறவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் போடுகிறார்கள். கேள்விக்குறி ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும். பொய் சொன்னதாகவும் ஆகாது, பயம் காட்டியதாகவும் ஆகாது. "அறிகுறியா?" என்று கேட்டதோடு அவர்கள் வேலை முடிந்தது. பதில் தேடுவது ஷார்ஜாவில் இருக்கிறவன் வேலை.


தாலுகா நிருபர் | செவ்வாய் இரவு 11.30

இந்த இழையைப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்து அனுப்பியது நான்தான்.

ஊரையும் பெயரையும் சொல்ல முடியாது. எனக்குச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. அனுப்பிவிட்டுக் கிடப்பில் கிடக்கும் செய்திக்குப் பெட்ரோல் காசு கூட வராது. இன்று நான் அனுப்பிய வரி இது: "பாம்பன் வடகடல் பகுதியில் காற்றின் காரணமாகக் கடல் நீர்மட்டம் வழக்கம்போல் குறைந்தது." சேனலின் செய்தி டெஸ்கிலிருந்து அழைத்தார்கள். "வழக்கம்போல் என்றால் எதற்கு அனுப்பினாய்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. "யாராவது ஓடுகிற மாதிரி இருக்கிறதா?" என்றார்கள். அனுப்பியதில் அந்த நான்கு பையன்களும் இருந்தார்கள். நாயும் இருந்தது, அண்ணன்.

இந்த மாதம் நான் அனுப்பி வராமல் போனவை: தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்களுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு, பாசி எடுக்கும் பெண்கள் தீவுப் பக்கம் போக முடியாமல் தவிப்பது, ஒரு தெருவில் பதினோரு நாளாகக் குடிநீர் வராதது. வந்தவை: கடல் உள்வாங்கியது, வலையில் சிக்கிய வினோத மீன், நடிகர் ஒருவர் ராமநாதசுவாமி கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியது. அந்த நடிகர் செய்திக்கு மட்டும் "அருமை தம்பி" என்று எனக்குப் பதில் போட்டிருந்தார்கள்.

நான் நியாயம் பேச வரவில்லை. எப்படி நடக்கிறது என்று சொன்னேன்.


வலைக்காரன், பாம்பன் | செவ்வாய் இரவு 11.48

நீதானா தம்பி அது? நீலச் சட்டை, மோட்டார் சைக்கிளில் ஸ்டாண்டு கட்டிக்கொண்டு வந்தாயே? உனக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்! இருக்கட்டும். சொல்ல வந்தாயே, அதுவே பெரிது. கோபம் உன் மேல் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது.


ஓய்வு வாத்தியார், ராமநாதபுரம் | புதன் காலை 6.20

பரபரப்பு இன்று பிறந்த குழந்தை இல்லை. உங்களில் பலருடைய தாத்தா பாட்டி மறைத்து மறைத்துப் படித்த ஒரு பத்திரிகை இருந்தது. லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் சினிமா தூது, அது நின்ற பிறகு இந்து நேசன் என்று நடத்தினார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கிசுகிசுவும் வசையுமாக எழுதி விற்றார். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்தார். வழக்கில் சிக்கியவர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். அந்த நேரம் பாகவதரின் படம் ஒன்று சென்னையில் ஓட ஆரம்பித்து மூன்று தீபாவளி கண்டது. கதாநாயகன் சிறையில், படம் கொட்டகையில். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவரும் விடுதலையானார்கள். கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். பாகவதருக்குப் பழைய நாள் திரும்பவே இல்லை.

கொலைக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பத்திரிகையைக் கண்டித்த வீடுகளிலெல்லாம் தலையணைக்கு அடியில் அது இருந்தது. என் பெரியப்பா வீட்டிலும் இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியபோது கொலை, கொள்ளை, சினிமா எல்லாம் போட்டுத்தான் வாசகரைப் பிடித்தார். எளிய தமிழ், கொட்டை எழுத்து. டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்க, அந்தப் பத்தில் நாலு பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த கடலோரப் பள்ளியில் பிள்ளைகளின் தகப்பன்மார் பலர் அப்படிப் படித்தவர்கள். பரபரப்பைப் பழிக்கும்போது அதையும் நினைத்துக்கொள்கிறேன். கன்னித்தீவு படித்துத் தமிழ் எழுத்தைப் பழகியவர்களுக்கு நான் நற்சான்று தருவேன். ஆனால் சிந்துபாத் எங்கள் ஊருக்குச் சுனாமி வருகிறது என்று சொல்லவில்லை. கதையைக் கதை என்று சொல்லித்தான் விற்றார்கள்.


வேன் தம்பி, ராமேஸ்வரம் | புதன் காலை 8.05

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு வேன் ஓட்டுகிறேன். எல்லோரும் ஒரு பக்கமாகப் பேசுவதால் மறுபக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017இல் முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு எங்களுக்குப் பிழைப்பு வந்தது. அந்தப் பிழைப்பில் பாதி யூடியூப்காரர்கள் போட்டது. தனுஷ்கோடியை "பேய் நகரம்" என்று போடுகிறார்கள். ஆளில்லாத ஊர் என்பதற்கு இங்கிலீஷில் உள்ள சொல்லை அப்படியே பெயர்த்துவிட்டு, பேயைத் தேடி வருகிறார்கள். எனக்கும் தெரியும் அது அபத்தம் என்று. ஆனால் அந்த அபத்தத்தைப் பார்த்துத்தான் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வறுத்த மீன் விற்கிற அக்கா, சங்கு விற்கிற பெரியவர், நான், எல்லோரும் அந்தப் பேயிடம்தான் கூலி வாங்குகிறோம்.

போன மாதம் ஒருவர் பெரிய மைக்கோடு வந்தார். இடிந்த தேவாலயத்துச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். காற்றடித்தால் அதில் ஊ என்று ஒரு சத்தம் வரும். அதைப் பதிவு செய்து, "இதோ, கேளுங்கள் நண்பர்களே" என்று போட்டார். பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. காற்று ஊளையிடுவதற்குப் பணம் கிடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பொழுதுபோக்கு என்றால் பொழுது போக வேண்டும், அவ்வளவுதானே.


தங்கச்சிமடத்துக்காரி | புதன் மதியம் 1.10

வேன் தம்பி, நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். கம்பிப்பாடு பக்கம் குடிசையில் இருக்கிற என் பெரியம்மா மகளுக்கு. இருட்டிய பிறகு போலீஸ் யாரையும் விடுவதில்லை என்றாலும் எப்படியோ புகுந்து, டார்ச் அடித்துக்கொண்டு குடிசை வாசலில் நின்று, "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று அமானுஷ்யக் குரலில் கேட்கிறார்கள். அவள் உள்ளிருந்து, "இருக்கிறோம், பிள்ளை தூங்குகிறான், போங்கள்" என்றாளாம். அதையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், அவள் பேசியதை நீக்கிவிட்டு.

இது சின்ன விஷயம். நான் எழுத வந்தது வேறு.

சில வருஷங்களுக்கு முன்னால் என் தம்பி போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. விடிகாலை நான்கு மணிக்குத் தெரிந்தது. ஆறு மணிக்கு வாசலில் மைக். அம்மா அப்போதுதான் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் கேட்டவுடன் தம்பி பெயரைச் சொல்லி அழுதார். காதில் வயர் மாட்டியிருந்த பெண், "அம்மா, சத்தம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள், குறை சொல்ல முடியாது. அம்மா இரண்டாவது தடவை சொன்னார். ஆனால் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அவர்கள் முதல் தடவை எடுத்ததையே போட்டார்கள். சத்தம் இல்லாததால் வயலின் சேர்த்தார்கள். அந்த வயலினை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். நாங்கள் தவறாமல் பார்க்கிற சீரியலில் மருமகளை வீட்டை விட்டு அனுப்பும்போது வருமே, அதே வயலின்.

அன்று முழுக்கத் தொலைக்காட்சியை அணைக்காமல் வைத்திருந்தோம். எங்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். மன்னார் நீதிமன்றமா, ஊர்க்காவற்துறை நீதிமன்றமா? எந்தச் சிறைக்குக் கொண்டு போகிறார்கள்? அடுத்த தவணை, அதாவது வாய்தா, எந்தத் தேதி? ஒரு சேனல் கூடச் சொல்லவில்லை. அம்மா அழுததை மட்டும் நாள் முழுக்கச் சொன்னார்கள். எட்டு மணி விவாதத்தில் நான்கு பேர் உட்கார்ந்து கச்சத்தீவைப் பற்றி, 1974 ஒப்பந்தத்தைப் பற்றி ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். 1974 முக்கியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. என் தம்பி சாப்பிட்டானா என்பது அன்று எங்களுக்கு அதைவிட முக்கியம். கடைசியில் படகுத்துறையில் மீனவர் சங்கத்துக்காரர் ஒருவர் எங்கோ கேட்டு வந்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊர்க்காவற்துறை. யாழ்ப்பாணம் சிறை. தவணைத் தேதி. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

தம்பி திரும்பி வந்தான். படகு வரவில்லை. படகு வராதது செய்தியில் வரவே இல்லை.


சபராளி | புதன் மதியம் 2.30

ராத்தா, படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.


தாலுகா நிருபர் | புதன் மதியம் 3.05

அக்கா, அந்த மைக் என்னுடையது இல்லை. ஆனால் என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். 2022இல் இலங்கையில் அரிசி, பால் பவுடர் கிடைக்காமல் ஆட்கள் படகில் வந்து மணல் திட்டுகளில் இறங்கினார்களே, அப்போது நான் அரிச்சல்முனையில் நின்றேன். கடலோரக் காவல்படை கூட்டிவந்த ஒரு பெண்ணின் இடுப்பில் நாலு மாதக் குழந்தை இருக்கும். வெயிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. "குழந்தை முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று நான் சொன்னேன். அவரும் திருப்பினார். படம் நன்றாக வந்தது. அன்று இரவு வீட்டில் என் மகனைத் தூக்கும்போது கை கூசியது.


நெறியாளர் | புதன் மதியம் 3.20

சேனல்களின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயர் இல்லாமலே பேசலாம், எல்லோருக்கும் புரிகிறது. தொண்டியான், வாளி கவ்விய நாயின் சாதி குறித்த உங்கள் பதிவையும் நீக்கிவிட்டேன்.


தொண்டியான் | புதன் மதியம் 3.24

நாட்டு நாய் என்றுதானே எழுதினேன்!


சபராளி | புதன் இரவு 8.50

நிதானமாகச் சில விவரங்கள். ஒரு சேனல் மேல் புகார் கொடுக்க வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2021இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் புகார் வந்தது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அவர்கள் சேர்ந்திருக்கும் அமைப்பின் சுய ஒழுங்கு ஆணையத்துக்குப் போகலாம். நான் ஒரு முறை ஒரு சேனலுக்கு எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தச் சேனலின் பாட்டுப் போட்டிக்கு வாக்களிக்கச் சொல்லி இன்னொன்று வந்தது. கருத்தை எதற்கு மதித்தார்கள் என்று அப்போது புரிந்தது.

இன்னொன்று. 2020 அக்டோபரில் ரேட்டிங் மோசடிப் புகார் கிளம்பியபோது செய்தி சேனல்களின் வாராந்திர ரேட்டிங்கையே நிறுத்திவிட்டார்கள். 2022 மார்ச்சில்தான் திரும்பக் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் யார் முதலிடம் என்ற கணக்கே இல்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் சிவப்புப் பட்டை குறைந்ததா? எனக்கு நினைவில்லை. குறையவில்லை என்றால், ரேட்டிங்தான் காரணம் என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். பழக்கமும் இருக்கிறது. கத்திக் கத்திப் பழகிய தொண்டைக்கு மெல்லப் பேச வராது.


வலைக்காரன், பாம்பன் | புதன் இரவு 10.10

சபராளி காக்கா சொன்ன பழக்கம் சரி. ஆனால் எனக்குக் கோபம் ஏன் இவ்வளவு வருகிறது என்று நேற்றிலிருந்து யோசித்துப் பார்த்தேன். நான் பொழுதுபோக்குக்கு விரோதி இல்லை. வீட்டில் மூன்று சீரியல் ஓடுகிறது, மூன்றின் கதையும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் நூறு நாள் ஆட்களை அடைத்துவைத்துச் சண்டை போட விடுகிறார்களே, அதையும் பார்க்கிறேன், யாரை வெளியேற்ற வேண்டும் என்று மனைவியோடு சண்டையும் போடுகிறேன். அங்கே யாரும் எனக்கு வானிலை சொல்லவில்லை.

எங்களுக்குச் செய்தி என்பது தொழில் சாமான். நங்கூரம், வலை, ஐஸ் மாதிரி. அது கெட்டுப்போனால் ஆள் செத்துப்போவான்.

கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகையில் கேட்பீர்கள். பின்னாலேயே ஒரு பேரலைப் படம் போடுவார்கள், அது எந்த நாட்டு அலையோ. ஒன்றாம் எண் என்றால் தூரத்தில், நடுக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகியிருக்கிறது, இந்தத் துறைமுகத்துக்கு இப்போது ஆபத்து இல்லை என்று பொருள். இரண்டு என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. மூன்று வந்தால்தான் இந்தத் துறைமுகமே பலத்த காற்றுக்குத் தயாராக வேண்டும். ஐந்திலிருந்து அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரிய அபாயம். பதினொன்று இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விடக் கெட்டது: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு எரியும். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தா அதைப் பார்த்தே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். பதினொரு படி உள்ள ஏணியை இவர்கள் ஒரே படியாக்கிவிட்டார்கள். ஒன்றுக்கும் பத்துக்கும் ஒரே சிவப்பு, ஒரே உடுக்கைச் சத்தம்.

2020 டிசம்பரில் புரெவி வந்ததே, நினைவிருக்கிறதா? திரிகோணமலையில் கரையேறி நம் பக்கம் வருகிறது என்றார்கள். பாம்பன் பாலத்தில் கேமரா நிற்க இடமில்லை. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவர், காற்றில் நிற்க முடியவில்லை என்று சாய்ந்து காட்டினார். அவருக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். புயல் நம் கடலுக்கு வந்து வலுக்குறைந்து அப்படியே நின்றுவிட்டது. மழை கொட்டித் தீர்த்தது சிதம்பரம் பக்கம். கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. கேமராவெல்லாம் இங்கே இருந்தன.

வானிலை ஆய்வு மையம் எங்கே வரும் என்று சொன்னது தப்பில்லை, புயல் கேட்டா நடக்கிறது. நான் சொல்வது அதற்கடுத்த வருஷத்தைப் பற்றி. அடுத்த வருஷம் எச்சரிக்கை வந்தபோது எங்கள் தெருவில் ஒரு கிழவர், "இவர்கள் போன தடவையும் இப்படித்தான் ஆடினார்கள்" என்று சொல்லிவிட்டு வத்தையை மேலே ஏற்றாமல் விட்டார். வத்தை போனது. சேனல்காரன் மேல் உள்ள கோபத்தைக் கிழவர் கடல்மேல் காட்டினார். கடல் அதைக் கணக்கில் வைக்காது.


ஓய்வு வாத்தியார், ராமநாதபுரம் | வியாழன் காலை 6.05

இன்று ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம் நிற்க இடமில்லாமல் இருக்கும். கேமராக்களுக்கு வேலை உண்டு.

வலைக்காரர் சொன்ன "தொழில் சாமான்" என்ற வார்த்தையைப் படித்ததும் வானொலி நினைவு வந்தது. எங்கள் இளமையில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைதான் இந்தக் கரைக்கு எல்லாம். மதுரை, திருச்சி நிலையங்களைவிடத் தெளிவாகக் கேட்கும். காலையில் பொங்கும் பூம்புனல். கே.எஸ். ராஜாவின் குரல் கடையில் கேட்டால் நடக்கிறவன் நிற்பான். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு நடக்கும்போது ஏலக்கூடத்தில் கூட விலை கேட்பது மெதுவாகும். அதே வானொலியில் மரண அறிவித்தலும் வரும். இன்னார், இன்ன ஊர், இன்னாருடைய தகப்பனார், அடக்கம் இத்தனை மணிக்கு. பின்னால் வயலின் கிடையாது. அறிவிப்பாளர் குரல் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். இந்தக் கரையில் பலருக்கு மன்னாரில் சொந்தம் இருந்தது. கேட்டுவிட்டு இங்கே அழுவார்கள். பாட்டும் சாவும் ஒரே பெட்டியில்தான் வந்தன, ஆனால் ஒன்று இன்னொன்றாக வேஷம் போட்டதில்லை. 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு, உயரமான குழாயில் ஆண்டெனா கட்டிப் புள்ளி புள்ளியாகப் படம் பார்த்ததும் உண்டு. சிங்கள நாடகம், ஒரு வார்த்தை புரியாது. இருந்தும் பார்த்தோம்.

அதற்கு முன்னால் இந்தத் தீவுக்குச் செய்தி வந்த விதம் தெரியுமா? இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால் பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து எறிவார்கள். அதைப் பொறுக்கிக் கொடுக்க உதவிய சிறுவன்தான் பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ஆனார். ஒரு கட்டுப் பத்திரிகைக்காக மணலில் ஓடிய காலம் அது.

வேன் தம்பிக்கு ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் புயலில் சிக்கித் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அந்தப் புயலின்போது ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். அவர்கள் தப்பியதை இன்றும் ஊர் சொல்லும். ரயிலில் போனவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், யாருக்கும் தெரியாது. இதற்குத் தொலைக்காட்சியைப் பழிக்க முடியாது, அப்போது நம் பக்கம் தொலைக்காட்சியே இல்லை. நட்சத்திரத்தை நினைவில் வைக்கிற பழக்கம் நம்முடையது. அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.


வேன் தம்பி, ராமேஸ்வரம் | வியாழன் காலை 11.40

ஐயா, வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கச்சிமடத்து அக்கா எழுதியதைப் படித்த பிறகு நேற்று ஒரு குழுவிடம், "பேய் எங்கே?" என்று கேட்டபோது, அந்த ரயிலைப் பற்றிச் சொன்னேன். தண்டவாளம் இருந்த இடத்தைக் காட்டினேன். பாம்பன் பாலம் அப்போது உடைந்ததையும், பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரி செய்ததையும் சொன்னேன். கூட்டம் கேட்டது. ஒருவர் மட்டும், "பேய் இல்லையா அப்போது?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்கிறேன், பேய் என்று போர்டு வைக்காமல் அவர்கள் என் வேனில் ஏறியிருக்க மாட்டார்கள். அதற்கு உங்கள் யாரிடமும் பதில் இல்லை.


தங்கச்சிமடத்துக்காரி | வியாழன் மதியம் 12.30

பதில் இல்லைதான். ஆனால் இராத்திரியில் ஆள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தம்பி.

பாம்பனில் 2016இலிருந்து கடல் ஓசை என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, 90.4. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், யார் படகு திரும்பவில்லை என்று நம் ஆட்களே நம் பேச்சில் சொல்கிறார்கள். நடுவில் பாட்டும் போடுகிறார்கள். நான் வலைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பது அதைத்தான். ஷார்ஜா வரைக்கும் எட்டாது, அதுதான் குறை.


தாலுகா நிருபர் | வியாழன் மாலை 4.15

இன்று காலை ஒன்று செய்தேன். இப்போது சிறையில் இருக்கிறவர்களின் தவணைத் தேதியை விசாரித்து, நீதிமன்றம், படகு எண் எல்லாம் சேர்த்து நான்கு வரி அனுப்பினேன். டெஸ்கில், "விஷுவல் இல்லையே" என்றார்கள். இல்லை என்றேன். கீழே ஓடுகிற எழுத்தில் ஒரு தடவை போட்டார்கள். காசு வராது. வலைக்காரர் அண்ணன், கடல் பற்றித் தொடர் செய்தி கேட்கிறார்கள், "இப்போது நிலைமை என்ன?" என்று. வரட்டுமா?


வலைக்காரன், பாம்பன் | வியாழன் மாலை 4.40

வா. தண்ணீர் ஏறிவிட்டது, வத்தையெல்லாம் மிதக்கிறது. காற்று இன்னும் அடங்கவில்லை. சனிக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பார்களா என்று மட்டும் மீன்வளத்துறையில் கேட்டுக்கொண்டு வா, இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். படம் எடுத்துக்கொள். யாரும் ஓட மாட்டார்கள். நாய் வேண்டுமானால் நிற்கும், வாளி இன்னும் அதனிடம்தான் இருக்கிறது.